கிளைவ் பர் வாசித்த மூன்று தொகுப்புகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவில் முதல் இரண்டு இசைத்தொகுப்புகளைப் பாடிய பால் டி'ஆனோ, 2024 அக்டோபர் 21 அன்று தமது 66ஆம் வயதில் மறைந்ததை ஒட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த நினைவுக் கட்டுரையையும், அதைத் தொடர்ந்து சில வாரங்கள் வாசகர் பகுதியில் நடந்த விவாதத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். நம் மாவட்டங்களிலிருந்து இத்தனை பேர் இந்தக் குழுவைக் கேட்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. டி'ஆனோ பாடிய காலமே உயர்ந்தது, அதில் தெருவின் முரட்டுத்தனமும் உண்மையும் இருந்தன என்று தருமபுரி வாசகர் எழுதியிருந்தார். அடுத்த பாடகர் புரூஸ் டிக்கின்சன் வந்த பிறகே குழு முழுமை பெற்றது, 1982 முதல் 1988 வரையிலான ஐந்து தொகுப்புகளுக்கு ஈடு இல்லை என்று ஓசூர் வாசகர் மறுத்திருந்தார். இருவரும் மனமொன்றி எழுதியிருந்தார்கள். ஆனால் கட்டுரையிலும் சரி, கடிதங்களிலும் சரி, அந்த முதல் மூன்று தொகுப்புகளுக்கும் டிரம்ஸ் வாசித்த கிளைவ் பர் என்பவரின் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை. அவர் மறைந்த மார்ச் 12 நெருங்கி வரும் இவ்வேளையில், தாமதமானாலும் பரவாயில்லை என்று இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் குழுவின் வரலாற்றைப் பாடகர்களை வைத்துப் பிரிப்பது பழகிப்போன வழக்கம். டி'ஆனோ காலம், டிக்கின்சன் காலம், பிளேஸ் பெய்லி காலம், 1999இல் டிக்கின்சன் திரும்பி வந்த பிந்தைய காலம் என்று எல்லோரும் நான்காக வகுத்துக்கொள்கிறார்கள். (பெய்லி பாடிய இரண்டு தொகுப்புகளை இரு வாசகர்களும் ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளியது நியாயமன்று, எனினும் அது வேறு விவாதம்.) பாடகரின் குரலே முதலில் காதில் விழுகிறது, அவருடைய முகமே சுவரொட்டியில் இருக்கிறது என்பதால் இந்தப் பகுப்பு எளிதாக அமைந்துவிட்டது. என் கருத்தில், பாடகர் மாறியதை வைத்து 1981க்கும் 1982க்கும் நடுவே கோடு போடுவது தவறு. அந்தக் கோடு விழ வேண்டிய இடம் மூன்றாவது தொகுப்புக்கும் நான்காவது தொகுப்புக்கும் நடுவே, அதாவது 1982ஆம் ஆண்டின் இறுதியில், கிளைவ் பர் குழுவை விட்டுப் பிரிந்த இடத்தில். அப்படிக் கோடு போட்டுப் பார்த்தால், இரண்டு பாடகர்களைக் கொண்ட ஒரே காலமாக 1980 முதல் 1982 வரையிலான மூன்று ஆண்டுகள் தெரியும். அதுவே அக்குழுவின் சிறந்த காலம் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படிச் சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் தாய்மாமன் பாரதக் கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில், இரவு முழுவதும் மாமாவுக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பேன். அதனால் ஆட்டக்காரர்களின் முகத்தைவிட மாமாவின் தோள்களையே அதிகம் பார்த்து வளர்ந்தேன். ஒரே கர்ணனை இரண்டு வேறு மிருதங்கக்காரர்களோடு பார்த்திருக்கிறேன். வேடம் கட்டியவர் ஒருவரே, பாட்டும் வசனமும் அவையே, முகவீணை ஊதியவரும் அவரே. ஆயினும் கர்ணன் வேறாக இருந்தான். ஒருவர் வாசித்தபோது சாகத் துணிந்தவனாகவும், மற்றவர் வாசித்தபோது சாவுக்கு அழுகிறவனாகவும் இருந்தான். அந்த வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் கேட்டுவிட்ட எனக்கு, எந்தக் குழுவையும் தாளத்திலிருந்து கேட்பதே இயல்பாகிவிட்டது. பிற்பாடு கிருஷ்ணகிரியில் ஓர் இன்னிசைக் குழுவில் சேர்ந்து பதின்மூன்று ஆண்டுகள் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் டிரம்ஸ் வாசித்தேன்.

அயர்ன் மெய்டன் எனக்கு வந்து சேர்ந்தது கேசட்டில்தான். கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையில் இருந்த ஒரு பதிவுக் கடையில், பெங்களூரிலிருந்து கொண்டுவந்த மூலக் கேசட்டிலிருந்து 90 நிமிட வெற்றுக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பார்கள். முதல் தொகுப்பு ஏறத்தாழ 38 நிமிடம், 'கில்லர்ஸ்' என்ற இரண்டாவது தொகுப்பும் அதே அளவு. ஆகவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும் ஒரே கேசட்டில் அடங்கின. 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' என்ற மூன்றாவது தொகுப்பும் 'பீஸ் ஆஃப் மைண்ட்' என்ற நான்காவது தொகுப்பும் அடுத்த கேசட்டில் வந்தன. உறையில் தொகுப்பின் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்காது. யார் பாடினார், யார் வாசித்தார் என்று தெரிந்துகொள்ள அன்று எனக்கு வழியில்லை. மூன்றாவது தொகுப்பைக் கேட்டபோது குரல் மாறிவிட்டதை முதல் பாட்டிலேயே உணர்ந்தேன். ஆனால் குழு மாறியதாகத் தோன்றவில்லை. அதே ஆட்கள், புதிதாக ஒருவர் பாடுகிறார் என்றுதான் தோன்றியது. கேசட்டைத் திருப்பிப் போட்டு நான்காவது தொகுப்பின் தொடக்கத்தில் வரும் அந்த டிரம்ஸ் உருட்டலைக் கேட்ட கணத்தில்தான், இருக்கையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது புரிந்தது. குரல் முன்னைய பக்கத்தில் கேட்ட அதே குரல்தான், ஆனால் குழு வேறு குழுவாகிவிட்டிருந்தது. எந்தப் புத்தகமும் படிக்காமல், எந்தப் பெயரும் அறியாமல் என் காது போட்ட கோடு அது. பல ஆண்டுகள் கழித்துக் குழுவின் வரலாற்றைப் படித்தபோது, கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது என்று தெரிந்துகொண்டேன்.

பாஸ் கிடார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் 1975ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கிய குழு இது. கிளைவ் பர் அதன் முதல் டிரம்ஸ் கலைஞர் அல்லர்; சாம்சன் என்ற குழுவில் முன்னர் வாசித்தவர், 1979ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பு டக் சாம்ப்சன் என்பவர் வாசிக்க, மூன்று பாடல்களை மட்டும் கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றை 1979இல் குழுவினரே வெளியிட்டிருந்தார்கள். அதில் உள்ள இரண்டு பாடல்கள் 1980 ஏப்ரலில் வந்த முதல் தொகுப்பிலும் இடம்பெற்றன. பாடகர் இரண்டிலும் டி'ஆனோதான். இரு வாசகர்களையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்: அந்த இரண்டு பாடல்களின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முந்தையதில் தாளம் பாட்டைச் சுமந்து செல்கிறது. பிந்தையதில் தாளம் பாட்டை முன்னே நின்று இழுக்கிறது. பாடகர் மாறாமல் தாளக் கை மட்டும் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நேரான சோதனை கிடையாது.

கிளைவின் கையில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல முயல்கிறேன். ஹாரிஸின் பாஸ் கிடார் பெரும்பாலும் குதிரை ஓட்டம்போல, 'தாம்தக தாம்தக' என்று மூன்று தட்டுகளாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். அத்தகைய பாஸ் கிடாரோடு வாசிக்கும்போது, அதையே அப்படியே பின்பற்றிப் போய்விடுவது எளிது; எடை கூடும், ஆனால் பாட்டு தரையோடு தரையாகப் படுத்துவிடும். கிளைவ் அப்படிச் செய்யவில்லை. காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட்டில் எதிர்பாராத இடத்தில் ஒரு சிறு அழுத்தம், படபடவென்று ஒலிக்கும் சிறு முரசான ஸ்னேரில் வரிக்கும் வரிக்கும் இடையே சட்டென்று ஓர் உருட்டல், ஒரு வட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்பே அடுத்ததை அழைத்துவிடும் ஓர் அவசரம் ஆகியவற்றால், குதிரையின் குளம்பு நிலத்தில் படாத கணம் எதுவோ அதை நமக்குக் கேட்கச் செய்தார். வேகமாக வாசிப்பவர்கள் பலர் உண்டு. வேகத்துக்குள் இப்படி இடம் விட்டு வாசிப்பவர்கள் மிகச் சிலர். எங்கள் இன்னிசைக் குழுவில் எத்தனையோ இரவுகள் சினிமாப் பாட்டுக்கு நடுவே அவருடைய உருட்டல் ஒன்றை நான் நுழைத்து வாசித்திருக்கிறேன். சரியாக விழுந்த இரவுகளை இன்றும் விரல் விட்டு எண்ண முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இக்குழு தன் ஸ்டூடியோத் தொகுப்புகளில் பாட்டே இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் இசைக்கும் உருப்படிகளாக நான்கை மட்டுமே வெளியிட்டிருக்கிறது. முதல் தொகுப்பில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, பிறகு 1984இல் வந்த 'பவர்ஸ்லேவ்' தொகுப்பில் ஒன்று. நான்கில் மூன்று கிளைவ் வாசித்தவை. அதிலும் இரண்டாவது தொகுப்பு, பாடகரின் குரலே இல்லாத ஒரு சிறு உருப்படியோடுதான் தொடங்குகிறது. இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த அந்த உருப்படியில் படை புறப்படுவதுபோல் உருண்டு வருபவை டிரம்ஸ்தான். 'டி'ஆனோ காலம்' என்று நாம் பெயரிட்டிருக்கும் காலத்தில், பாடகர் வாய் திறக்காத நேரத்தையும் நம்பித் தொகுப்பைத் தொடங்கும் துணிவு குழுவுக்கு இருந்தது என்றால், அந்தத் துணிவு யாரால் வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓசூர் வாசகருக்கு ஒரு விளக்கம். 1982 மார்ச் 22 அன்று வெளியாகி, பிரிட்டனின் இசைத்தொகுப்புப் பட்டியலில் குழுவுக்கு முதன்முறையாக முதலிடம் பெற்றுத் தந்த மூன்றாவது தொகுப்பை அவர் டிக்கின்சனின் வருகையால் விளைந்த வெற்றி என்கிறார். டிக்கின்சனின் குரல் அதற்கு வானத்தைத் திறந்துவிட்டது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முந்தைய குழுவோடு இருந்த ஒப்பந்தச் சிக்கலால், அத்தொகுப்பின் எந்தப் பாடலுக்கும் இயற்றியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. கிளைவின் பெயரோ ஒரு பாடலில் கிடார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித்தின் பெயரோடு சேர்ந்து இடம்பெற்றிருக்கிறது. தவிர, அந்தப் பாடல்களுக்கு நாம் இன்றும் அடையாளமாக வைத்திருக்கும் டிரம்ஸ் தொடக்கங்களை, கண்ணை மூடிக்கொண்டு மேசையில் தட்டினாலே எந்தப் பாட்டு என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். இத்தொகுப்பை டிக்கின்சன் காலத்தின் முதல் படி என்று மட்டும் சொல்வது, கட்டி முடித்த வீட்டில் குடிபுகுந்தவரையே கொத்தனார் என்று சொல்வதைப் போன்றது.

நிக்கோ மெக்பிரெய்னைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1982ஆம் ஆண்டின் இறுதியில் கிளைவின் இடத்துக்கு வந்தவர், 42 ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தார். இரட்டைப் பெடலைப் பயன்படுத்தாமல், ஒற்றைக் காலாலேயே, மிதித்து அடிக்கும் பெரிய முரசான பேஸ் டிரம்மில் அவர் வாசிக்கும் வேகம், தொழில் தெரிந்தவர்களை இன்றும் வாய்பிளக்க வைப்பது. 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து உடலின் வலப்பக்கம் செயலிழந்த பிறகும், சில மாதங்களிலேயே மீண்டும் மேடையேறி, 2024 டிசம்பர் 7 அன்று சாவ் பாவ்லோவில் கடைசியாக வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார். நானும் நண்பர்கள் நால்வரும் 2007 மார்ச் 17, சனிக்கிழமை, கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறிப் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்குப் போய், இந்தியாவில் இக்குழு நடத்திய முதல் கச்சேரியைக் கேட்டோம். நிக்கோவின் டிரம்ஸ் அடுக்கு அவ்வளவு உயரம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் முகம் தெரியவே இல்லை, எப்போதாவது மேலெழும் கையும் குச்சியும்தான் தெரிந்தன. ஆனால் அவர் அடித்த ஒவ்வோர் அடியும் மார்பெலும்பில் வந்து விழுந்தது. அன்றிரவு திரும்பும் பேருந்தில் அத்திப்பள்ளி தாண்டும் வரை எங்களுக்குள் பேச்சே இல்லை. பிறகு பேச்சு தொடங்கியபோது, அது நாங்கள் அன்று பார்த்த நிக்கோவைப் பற்றியும் நாங்கள் பார்த்திராத கிளைவைப் பற்றியும்தான் இருந்தது. என் நண்பர் ஒருவர், நிக்கோ வராவிட்டால் குழு இவ்வளவு நீண்ட, பல பகுதிகளாக விரியும் பாடல்களை எழுதியிருக்கவே முடியாது என்று அன்று சொன்னார். அது உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். நிக்கோவிடம் உறுதி இருந்தது, ஒரு பெரிய கட்டடத்தைத் தாங்கும் உறுதி. கிளைவிடம் இருந்தது ஆபத்து. இந்த ஆட்டம் கவிழ்ந்துவிடுமோ என்று கேட்பவரை முன்னால் சாயவைக்கும் அந்த ஆபத்தை நான் வேறு எவரிடமும் கேட்டதில்லை. ஆகவே என் தீர்ப்பு கிளைவின் பக்கம்.

1982ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் நடுவே தம் தந்தை இறந்துவிட்டதால் ஊருக்குச் சென்றதாகவும், திரும்பி வந்தபோது தம் இடம் போய்விட்டதாகவும் கிளைவ் பின்னாளில் பேட்டியில் கூறினார். பிரிவுக்கு வேறு காரணங்களைக் குழுவின் தரப்பு சொல்லியிருக்கிறது. இதில் தீர்ப்புச் சொல்ல நான் யார். நிக்கோ எந்தப் பிரெஞ்சுக் குழுவிலிருந்து இங்கு வந்தாரோ, அதே டிரஸ்ட் குழுவில் கிளைவ் சில காலம் வாசித்தார். பிறகு அவரை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் பிடித்தது. உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் மேலுறையைத் தாக்கி அழிப்பதால், மூளை இடும் கட்டளை கைக்கும் காலுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேராமல் செய்யும் நோய் இது. அந்தக் கைகளுக்கு இந்த நோய் வந்தது என்பதைப் படித்த நாளில், என் வீட்டில் இருந்த குச்சிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, வாசிக்க மனமின்றித் திரும்ப வைத்துவிட்டேன். சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட அவருக்காக, 2002 மார்ச் மாதத்தில் லண்டன் பிரிக்ஸ்டன் அரங்கில் மூன்று இரவுகள் அயர்ன் மெய்டன் குழு வாசித்து, அவர் பெயரிலான அறக்கட்டளைக்கு நிதி திரட்டிக் கொடுத்தது. எப்படிப் பிரிந்தார்கள் என்பதைவிட, இருபது ஆண்டுகள் கழித்து எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2013 மார்ச் 12 அன்று, 56 வயது நிறைந்த நான்காம் நாள், கிளைவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அந்த ஆண்டு முதல், மார்ச் 12க்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறேழு பேர் ராயக்கோட்டைச் சாலையில் உள்ள ஒரு நண்பரின் வீட்டு மாடியில் கூடுகிறோம். மூன்று தொகுப்புகளையும் வெளிவந்த வரிசையில், ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்கிறோம். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கேட்கும்போது யாரும் பேசுவதில்லை. விவாதம் எல்லாம் அதன் பிறகுதான். கூடுகிறவர்களில் சிலர் வயதில் என் மகனை ஒத்தவர்கள், ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். கேசட்டையே கையால் தொட்டதில்லை. அவர்களில் ஒருவர், 1985இல் வந்த நேரலைத் தொகுப்பில் கிளைவின் பாடல்களை நிக்கோ வாசிக்கும் இடங்களைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் நிக்கோவுக்காக வாதாடுவார். சென்ற ஆண்டு அவரும் நானும் மாலை ஆறு மணி வரை ஒரே ஒரு ஸ்னேர் உருட்டலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த விவாதத்துக்கு இப்போது புதிய தேவையும் வந்திருக்கிறது. குழு தொடங்கி 50 ஆண்டுகள் ஆவதை ஒட்டி, இந்த 2025ஆம் ஆண்டு மே 27 அன்று புடாபெஸ்ட்டில் தொடங்கும் சுற்றுப்பயணத்தில், 1980இல் வந்த முதல் தொகுப்பிலிருந்து 1992இல் வந்த ஒன்பதாவது தொகுப்பு வரையிலான பாடல்களை மட்டுமே வாசிக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அந்த ஒன்பதில் மூன்று கிளைவ் வாசித்தவை. அவற்றை இம்முறை வாசிக்கப் போகிறவர் நிக்கோவும் அல்லர்; ஹாரிஸின் மற்றொரு குழுவிலிருந்து வரும் சைமன் டாசன். 1982க்குப் பிறகு பிறந்த ரசிகர்கள் பலர், அந்தப் பாடல்களின் தாளத்தை டாசன் நிக்கோவிடமிருந்து பெற்றுக்கொண்டதாகவே நினைக்கக்கூடும். அந்தத் தாளத்தை முதலில் உருவாக்கிய கை யாருடையது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, வரும் ஞாயிறு இணைப்பில் இடமிருந்தால், டி'ஆனோவுக்கு வெளியிட்டதில் பாதியளவேனும் கிளைவ் பர்ருக்கு ஒரு நினைவுக் குறிப்பை, 1957 மார்ச் 8 முதல் 2013 மார்ச் 12 வரை என்ற தேதிகளோடும் அவர் டிரம்ஸ் முன்னால் அமர்ந்திருக்கும் ஒரு படத்தோடும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தருமபுரி வாசகரும் ஓசூர் வாசகரும் இக்கடிதத்தைப் படித்தால், வரும் 2025 மார்ச் 16, ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்களோடு மாடியில் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அழைக்கிறேன். முகவரியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கேட்டால் அன்புகூர்ந்து கொடுத்துதவுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.